ஜீப்புக்கு 4.27 கிரவுன்: பின்பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

மூணாவதுகியர்:

அண்ணன்மாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது சிஜே-3பி ஜீப். எஃப்-134 ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின், டி-90 மூன்று கியர் பெட்டி, முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸ், 6.00-16 டயர். எல்லாம் வண்டியோடு பிறந்தவை. ஆக்சில் நடுவில் உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், அதைச் சுற்றிவிடும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8 பல். 43-ஐ 8-ஆல் வகுத்து 5.38 ரேஷியோ என்று சொல்வார்களே, அதுதான்.

இது ஏறாத மேடு கிடையாது. ஆனால் தார் ரோட்டில் 60 தொட்டதும் இன்ஜின் கத்த ஆரம்பித்துவிடுகிறது. டாப் கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே இடது கை தானாகக் கியர் ராடுக்குப் போகிறது, நாலாவது ஒன்று எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று. இத்தனை வருஷம் ஆகியும் கைக்குப் புத்தி வரவில்லை.

தெரிந்தவர் ஒருவர் சிஜே-5 ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார். பின் ஆக்சில் 4.27, டானா 44, பிரேக் டிரம் முதற்கொண்டு முழுசாக இருக்கிறது. முன் ஆக்சிலும் ஒன்று கிடக்கிறது, டானா 27, வேறொரு பழைய சிஜே-5-லிருந்து வந்ததாம். அதுவும் 4.27 என்கிறார். டாப்புக்கு மேல் இன்னொரு கியர் தரும் ஓவர்டிரைவ் வாங்கக் கையில் தெம்பில்லை. இது அதில் கால்வாசிக்கு முடிந்துவிடும்.

பின்பக்கம் மட்டும் மாற்றிவிட்டு முன்பக்கத்தை அடுத்த வருஷம் பார்க்கலாமா? மேடு ஏறும் சக்தி எவ்வளவு போகும்? ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நேரோட்டம்:

பின்னாடி மட்டும் மாத்துங்க ப்ரோ, போதும். ஃபோர் வீல் லீவரை எத்தனை தடவை போட்டிருக்கீங்க? வருஷத்துக்கு ரெண்டு தடவைக்காக முன் ஆக்சிலையும் சேர்த்துக் கழட்டணுமா? எங்க பக்கத்து வீட்டு வண்டி அப்படித்தான் ஓடுது.

கிரீஸ்கை:

நேரோட்டம் சொல்வது ஓடும், ஒரே ஒரு நிபந்தனை: முன் ஆக்சிலுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்டைக் கழட்டிப் பரணில் போட்டுவிட வேண்டும். லீவர் வண்டியில் இருக்கும்வரை யாராவது ஒருநாள் அதைத் தொடத்தான் செய்வார்கள். நானே தொட்டேன்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. உன்னைப் போலவே எனக்கும் 5.38 வண்டி. பிரித்துப் போட்ட இடத்தில் இரண்டு ஆக்சில் வாங்கினேன், இரண்டின் கூட்டிலும் வெள்ளை பெயின்டில் 4.27 என்று எழுதியிருந்தது. யாரோ எழுதியதை நம்பி மாட்டினேன். மூன்று வாரம் சொர்க்கம். டாப் கியரில் வண்டி மூச்சு விடாமல் போகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது காதில் விழுகிறது. அப்புறம் மழை வந்தது. ஒரு சேற்றில் ஃபோர் வீல் போட்டேன், ஏறிவிட்டது. சேற்றில் டயர் வழுக்கும், அதனால் எதுவும் தெரியவில்லை. ஏறி வந்து கெட்டித் தரையில் பத்தடி போகவில்லை, யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பது போல வண்டி உட்கார்ந்துவிட்டது. லீவரைத் தள்ளினால் அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. கடைசியில் முன் சக்கரம் ஒன்றுக்கு ஜாக்கி வைத்தேன். டயர் தரையை விட்டதும், யாரும் கை வைக்காமலே அந்தச் சக்கரம் படார் என்று கால் சுற்று சுற்றியது. என் முகம் அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. அதற்குப் பிறகு லீவர் வெண்ணெய் மாதிரி வந்தது.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். பின்னால் 4.27. முன்னால் 4.88. பின் சக்கரம் போக நினைக்கும் தூரமும் முன் சக்கரம் போக நினைக்கும் தூரமும் ஏழில் ஒரு பங்கு வேறு. நடுவே பூட்டிக் கிடந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. பல் உடையாதது என் நேரம்.

அதனால் யார் வாயையும் நம்பாதே, பெயின்டையும் நம்பாதே, நீயே எண்ணு. ஆக்சில் கீழே கிடக்கும்போது எண்ணுவது சுலபம். ஒரு பக்க டிரம்மை அசையாமல் கட்டு. பினியன் யோக்கில், அதாவது ஜாயின்ட் ஷாஃப்ட் மாட்டும் முனையில், ஒரு சாக்பீஸ் கோடு, மறுபக்க டிரம்மில் ஒரு கோடு. டிரம்மை இரண்டு சுற்று சுற்றினால் யோக்கு எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. ஒரு பக்கம் கட்டியிருப்பதால்தான் இரண்டு சுற்று. இதை மறந்து ஒரே சுற்றில் நிறுத்திவிட்டு "2.14 வருதே அண்ணே" என்று எனக்குப் போன் செய்தவர் உண்டு. இரண்டு சுற்றோடு நிறுத்தாதே, இருபது சுற்று. 5.38 என்றால் யோக்கு 53 முக்கால் சுற்றும், 4.88 என்றால் 48 முக்கால், 4.27 என்றால் 42 முக்கால். அப்போது குழப்பமே வராது. பின் மூடியைத் திறக்க முடிந்தால் கிரவுன் ஓரத்தில் பல் எண்ணிக்கை அடித்திருக்கும், 4.27-க்கு 47, 11.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். மணிக்கு 60 என்றால் நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர், சக்கரம் 455 சுற்று. டாப் கியர் நேர் கியர், ஆகவே 5.38-ல் இன்ஜின் 2440-க்குப் பக்கம். 4.27-ல் 1940. எண்பதில் பார்த்தால் 3260 எங்கே, 2590 எங்கே. வித்தியாசம் காதுக்கே தெரியும்.

இழுவையும் அதே கணக்கில்தான் குறையும், நூற்றுக்கு இருபது. டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் போட்டால் முதல் கியரில் இப்போது உனக்கு 2.798 பெருக்கல் 2.46 பெருக்கல் 5.375, கிட்டத்தட்ட 37. அது 29.4 ஆகிவிடும். பாறை மேல் ஊர்ந்து போகிற ஆளுக்கு இது வலிக்கும். தோட்டத்து மேடு, ஆற்று மணல் என்றால் வலிக்காது. லோ இருக்கவே இருக்கிறது.

"4.27 மாற்றும் கையோடு 3.73-ஏ போட்டுவிடலாமே" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம். உன் பெட்டியில் இரண்டாவது கியர் 1.551. அதை 3.73-ஆல் பெருக்கிப் பார், 5.78 வரும். உன் பழைய டாப் 5.38. அதாவது இன்று டாப்பில் ஏறுகிற மேட்டுக்கெல்லாம் நாளை இரண்டாவது போட வேண்டும். மூன்று கியர் பெட்டியில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஏற்கெனவே பெரிய பள்ளம். 70 சொச்சம் குதிரைசக்தி இன்ஜின், எதிர்க்காற்று அடித்தால்கூட டாப் தாங்காது. அதோடு டானா 44-ல் கிரவுனைத் தாங்கும் கேரியர் இருக்கிறதே, 3.73 வரைக்கும் ஒரு கேரியர், 3.92-லிருந்து மேலே வேறு கேரியர். 5.38-லிருந்து 4.27-க்கு வந்தால் உன் பழைய கேரியரே உட்காரும். 3.73 என்றால் கேரியரும் மாற வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், அதுவும் கெட்ட பொய். கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது, கிரவுனுக்கு முன்னால். முள் 60 காட்டும்போது நீ 75-ல் போய்க்கொண்டிருப்பாய். கேபிளைச் சுற்றும் சின்ன பினியனை மாற்று, இல்லையென்றால் கண்ணாடி மேல் ஒரு கோடாவது போட்டு வை.

கேட்காமல் விட்ட இரண்டு. ஒன்று, உன் பிரேக் 9 அங்குல டிரம். அது 60-க்காகப் போட்டது. பின் ஆக்சில் டிரம்மோடு வருகிறது என்றால் அதன் அளவைப் பார், பெரியது என்றால் மாஸ்டர் சிலிண்டர் கணக்கும் பார்க்க வேண்டும். முன்னால் 9 அங்குலம், பின்னால் பெரிய டிரம் என்றால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பும்.

இரண்டாவதுதான் பெரிய பொறி. அந்த சிஜே-5 எந்த வருஷம்? ஸ்பைசர் 18-ல் பின் ஷாஃப்ட் வலது ஓரமாக வெளியே வரும், அதற்குத் தக்கபடி உன் ஆக்சிலில் கிரவுன் இருக்கும் உருண்டையும் வலது பக்கம் தள்ளி இருக்கும். 1972-ல் சிஜே-5-க்கு டானா 20 டிரான்ஸ்ஃபர் கேஸ் வந்தபோது பின் உருண்டை நடுவுக்கு வந்துவிட்டது. நடு உருண்டையைக் கொண்டுவந்து உன் வண்டிக்கு மாட்டினால் ஷாஃப்ட் குறுக்கே சாய்ந்து போகும், யூ ஜாயின்ட் தின்றுகொண்டே இருக்கும். ஆக்சிலைப் பார்க்கப் போகும்போது டேப் எடுத்துப் போ.

டப்பாமியாட்டா:

ஜீப் கதை இல்லை, ஆனால் அதே பாடு. என்னுடையது முதல் தலைமுறை மியாட்டா கார், 1.6 லிட்டர் இன்ஜின். அதில் கிரவுன் 6 அங்குலம், 4.30. 1994-லிருந்து வந்த 1.8-ல் 7 அங்குலம், 4.10, சிலவற்றில் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் தடுக்கும் டார்சனும் உண்டு. டார்சன் உருண்டை ஒன்று சல்லிசாக வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் 1.6-ன் பக்க ஷாஃப்ட் அதில் ஏறாது. ஜாயின்ட் ஷாஃப்ட் ஃபிளாஞ்சும் வேறு. உருண்டை நாலு மாதம் கட்டிலுக்கடியில் தூங்கியது, மற்றவை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கும்வரை. வாங்கினால் செட்டாக வாங்குங்கள், உருண்டை, இரண்டு பக்க ஷாஃப்ட், நடு ஷாஃப்ட் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து.

போட்ட பிறகு எப்படி என்றால், வளைவில் கால் வைத்தால் உள் சக்கரம் சும்மா சுற்றுவது நின்றது. அதற்காக அந்த நாலு மாதத்தை மன்னித்துவிட்டேன்.

மைனர்வாசி:

கிரீஸ்கை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் மோரிஸ் மைனர் ஆட்களுக்கு இது சனிக்கிழமை காலை வேலை. காரணம், அந்த ஆக்சில் பாஞ்சோ வகை. கிரவுன், பினியன், கேரியர் எல்லாம் ஒரே உருண்டையாக முன்பக்கமாகக் கழன்று வரும். பக்க ஷாஃப்ட் இரண்டையும் உருவி, சுற்றிலும் நட்டைக் கழட்டினால் ஆயிற்று. பேரிங், இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம் எதையும் தொட வேண்டாம், ஏற்கெனவே சேர்த்து வைத்தபடியே அடுத்த வண்டிக்குப் போகும். 948 சிசி மைனருக்கு 4.55, 1098-க்கு 4.22. அதே உருண்டை எம்ஜி மிட்ஜெட்டிலும் இருப்பதால் பிந்தைய மிட்ஜெட்டின் 3.9, கடைசியில் வந்த 1500-ன் 3.7 வரை அப்படியே மைனருக்குள் ஏறும். நான் 4.22-ஐ எடுத்து 3.9 போட்டேன். 3.7-ம் கையில் இருந்தது. 1098 இன்ஜினுக்கு அது அதிகம் என்று விட்டுவிட்டேன்.

டானா அப்படியல்ல. அங்கே ஆக்சிலும் அதன் கூடும் ஒன்றுதான், உள்ளேயே வைத்து ஷிம் போட்டுச் சேர்க்க வேண்டும். ஆகவே தம்பிக்கு ஆக்சிலோடு மாற்றுவதுதான் மலிவு. பல்லை மட்டும் மாற்ற இறங்கினால் "மலிவு" என்ற சொல் அன்றோடு போய்விடும்.

மூணாவதுகியர்:

போய் எண்ணிவிட்டு வந்தேன். கிரீஸ்கை அண்ணே, முன் ஆக்சில் இருபது சுற்றுக்கு 42 முக்கால். பின் ஆக்சிலும் 42 முக்கால். சந்தோஷத்தில் டேப்பை எடுக்கவே மறந்து, பாதி வழி வந்து திரும்பிப் போனேன்.

பின் உருண்டை நடுவில் இருக்கிறது. டேப்பே தேவைப்படவில்லை, நின்று பார்த்தாலே தெரிகிறது. இத்தனை நாள் அந்த ஆக்சிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன், கண்ணில் படவில்லை.

இப்போது என்ன செய்வது? முன்னால் உள்ளது நல்ல ஜோடி, விட மனசில்லை. பின்னால் உள்ள கிரவுன் பினியனை மட்டும் எடுத்து என் கூட்டுக்குள் போடலாமா? மைனர்வாசி சார் திட்டுவார் என்று தெரியும்.

மைனர்வாசி:

திட்டவில்லை. நான் சொன்னது காசைப் பற்றி மட்டும்தான்.

கிரீஸ்கை:

போடலாம். இரண்டும் டானா 44, இரண்டு ரேஷியோவும் 3.92-க்கு மேல். ஆகவே உன் கேரியர், உன் பக்க ஷாஃப்ட், உன் பிரேக் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பிரேக் தலைவலியும் பாதி போச்சு. ஷாஃப்டுகளை அதிலிருந்து இதற்கு மாற்ற நினைக்காதே; பழைய 44-ல் ஷாஃப்ட் முனையில் 10 பல் ஸ்ப்ளைன், அப்புறம் 19, பிறகு 30 என்று மாறிக்கொண்டே வந்தது. பினியன் தண்டிலும் அதே விளையாட்டு உண்டு, 10-ம் உண்டு 26-ம் உண்டு. அதனால் அந்தப் பினியனோடு அதன் யோக்கையும் கேட்டு வாங்கிக்கொள். யூ ஜாயின்ட் அளவு உன் ஷாஃப்டோடு ஒத்துப்போகிறதா பார்.

கழட்டும்போது இரண்டையும் ஒரே துணியில் சுற்றி வை. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்த்தவை, இரண்டிலும் ஒரே எண் அடித்திருக்கும். எண் வேறு வேறு என்றால் இரும்பு விலைக்குக்கூட வாங்காதே; எத்தனை ஷிம் போட்டாலும் ஊளை நிற்காது. பல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். தேய்ந்த தடம் மினுமினுப்பாக இருக்கலாம். குழி விழுந்திருந்தால், நகம் மாட்டும்படி படி இருந்தால் வேண்டாம்.

பினியன் தலையில் ஒரு கூட்டல் அல்லது கழித்தல் எண் கீறியிருக்கும், அதையும் குறித்துக்கொள். உன் பழைய பினியனிலும் இருக்கும். இரண்டும் வேண்டும்.

மூணாவதுகியர்:

வந்துவிட்டது. யோக்கும் சேர்த்துத்தான். ஜோடி எண் இரண்டிலும் ஒன்றே. கிரவுன் ஓரத்தில் 47, 11. குழி இல்லை.

புதுப் பினியன் தலையில் +3 என்று கீறியிருக்கிறது. நேற்று என் ஆக்சிலைப் பிரித்தேன், பழையதில் −1. பல் ஒவ்வொன்றும் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது, இத்தனை வருஷம் என்னதான் செய்துகொண்டிருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

கிரீஸ்கை:

கத்திக்கொண்டிருந்தது.

−1-லிருந்து +3, நாலு வித்தியாசம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ். புதியது கிரவுன் நடுக்கோட்டிலிருந்து நாலு தவ் தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்கிறது. உள் பேரிங் கப்புக்குப் பின்னால் ஷிம் கட்டு இருக்கும், அதில் நாலு தவ் குறை. மைக்ரோமீட்டர் வைத்து அள, கண்ணால் வேண்டாம். பழைய ஷிம் நசுங்கியிருந்தால் புதிதாகவே கட்டு.

அது ஆரம்பம்தான், முடிவு இல்லை. சேர்த்த பிறகு கிரவுனின் ஏழெட்டுப் பல்லில் தடம் காட்டும் நீலம் தடவி, ஒரு ஆளைச் சக்கரத்தில் பிடித்துக் கொஞ்சம் தடை கொடுக்கச் சொல்லிவிட்டு, யோக்கை இரண்டு பக்கமும் சுற்று. தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடியை நோக்கி விழுந்தால் பினியன் அதிகமாக உள்ளே போயிருக்கிறது, உச்சியில் விழுந்தால் போதவில்லை. பேக்லாஷ், அதாவது பல்லுக்குப் பல் உள்ள தளர்வு, டயல் கேஜில் ஆறிலிருந்து பத்து தவ் வரை. கிரவுனைச் சுற்றி நாலு இடத்தில் பார், ஒரு இடத்தில் மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதே.

தடத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடு. மூடியை அதுவரை பூட்டாதே.

மூணாவதுகியர்:

சரி அண்ணே. நீலம் வாங்கியாச்சு. டயல் கேஜ் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும், ஒருத்தரிடம் இரவல் சொல்லியிருக்கிறேன். அதுவரை வண்டி நாலு ஸ்டாண்டு மேல் நிற்கிறது.